பதினொரு சம்மாட்டிமாரின் கடிதம்

சத்தியப் பிரமாணம் செய்து, மொழிபெயர்ப்பாளர் முத்திரையைப் புதிதாக வாங்கியிருக்கும் நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து எனக்கு எழுதிய கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. எந்த அகராதி நல்லது? பிறப்புச் சான்றிதழின் பின்பக்கக் குறிப்புகளையும் மொழிபெயர்க்க வேண்டுமா? விசா அவசரம் என்று வந்து நிற்பவர்களுக்கு எந்த ஒழுங்கில் வேலை செய்துகொடுப்பது? முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கமானது. கையில் அகப்படுகிற எல்லா அகராதியும் நல்லது. பின்பக்கத்தையும் கட்டாயம் மொழிபெயர்க்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு என் பழைய நாட்குறிப்பைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் பதில் இரண்டு கிழமை பிந்தியது.

புத்தளத்தில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறையும், ஒரு தட்டச்சு இயந்திரமும், நான்கு கதிரைகளும் வைத்து நான் இந்தத் தொழிலைச் செய்தேன். தினமும் கடையைப் பூட்டுமுன் அன்று யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன பத்திரம் என்று எழுதிவைப்பது என் வழக்கம். சரித்திரப் புத்தகங்கள் வாசித்து வந்த பழக்கம் அது. நான் சொல்லப்போகும் சம்பவத்துக்கும் ஆண்டும் திகதியும் என்னிடம் இருக்கின்றன. ஆனால் அது ஒரு வீட்டின் துக்கம். ஆகவே பெயர்களை மாற்றி, கிழமை நாட்களையும் நேரத்தையும் மட்டும் எழுதுகிறேன். யுத்த காலம், ஐப்பசித் தொடக்கம் என்று அறிந்துகொண்டால் போதும். எந்த நாட்டுத் தூதரகம் என்பதையும் சொல்லமாட்டேன். அவர்கள் மேல் பிழை எதுவும் இல்லை. பிழை என்னுடையது.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கு, நான் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உடப்பு என்ற கரையோர ஊரிலிருந்து இருவர் வந்தார்கள். முன்னால் வந்தவர்தான் கதைத்தார். முஸ்லிம்களை எங்கள் பக்கத்தில் அழைப்பதுபோல, அண்ணன் என்ற பொருளில், நானா என்று தொடங்கினார். பின்னால் வந்தவர் வாசற்படியிலேயே நின்றார்.

"நானா, இவர் என்ட மச்சான். வீரபத்திரன் எண்டு பேர். இவர்ட மகன் வெளிநாட்டில, சனிக்கிழமை ரோட்டில அடிபட்டு மோசம் போயிட்டான்."

வீரபத்திரனுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். கரைவலைச் சம்மாட்டி. அதாவது, சொந்தமாக வலையும் தோணியும் வைத்து, நாற்பது பேரைக் கொண்டு கரையில் நின்று வலை இழுப்பிப்பவர். இறந்தவர் ஒரே மகன். இருபத்தாறு வயது. அங்கேயுள்ள சிநேகிதர்கள் தொலைத்தொடர்பு நிலையம் ஒன்றுக்குத் தொலைநகல் அனுப்பியிருந்தார்கள். அடுத்த கிழமை வியாழன் பகல் தகனம். தகப்பன் வந்து நெருப்பு வைப்பதற்காகவே அவ்வளவு நாள் தள்ளிப் பதிந்திருக்கிறார்கள்.

நான் பிறந்த கனமூலையில் காலையில் ஒருவர் மௌத்தானால், அதாவது இறந்தால், பிற்பகல் அஸர் தொழுகைக்குள் அடக்கம் முடிந்துவிடும். பன்னிரண்டு நாள் ஓர் உடல் காத்திருக்கும் என்பது எனக்குத் திகைப்பாக இருந்தது. அந்தத் திகைப்பில், அவகாசம் நிறைய இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

"இருங்கோ அண்ணே," என்று கதிரையை இழுத்துப் போட்டேன்.

வீரபத்திரன் உட்காரவில்லை. "அவன்ட முகத்தை ஒருக்காப் பாக்கோணும், நானா. முகம் எப்பிடி இரிந்த எண்டு வந்து சொல்லச் சொல்லி அவன்ட அம்மா கேட்டிரிக்கா. வேற ஒண்டும் அவ கேக்கேல்ல," என்றார்.

பழனிக்கு நேர்த்தி வைத்துப் போவதற்காக எடுத்த பாஸ்போட் அவரிடம் இருந்தது நல்லகாலம். மகனின் பிறப்புச் சான்றிதழ், இவர்களது விவாகச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்திருந்தார்கள். அவற்றின் அடியில், கோடு போட்ட கொப்பித்தாளில் எழுதிய ஒரு கடிதம் இருந்தது. கீழே ஏழு கையெழுத்துகளும் நான்கு பெருவிரல் அடையாளங்களும்.

"இது எங்கட கரைச் சம்மாட்டிமார் தந்தது. கேக்காமலே தந்தவங்க," என்றார் மச்சான் பெருமையோடு.

அந்தக் கடிதத்தின் முக்கிய பகுதி இது:

"எங்களில் ஒருவரான வீரபத்திரன் வீட்டில் துக்கம் நேர்ந்திருப்பதால், இந்தப் பருவத்துக்கு அவருடைய முறையை நாங்கள் எழுதவில்லை. கரையில் அவருக்காக எந்த வேலையும் காத்திருக்கவில்லை. அவர் எந்தக் கவலையும் இல்லாமல் போய், மகனுக்குச் செய்யவேண்டியதை எல்லாம் செய்து, மனம் ஆறும்வரை அங்கே இருக்கலாம். எப்போது வா என்று நாங்கள் கேட்கமாட்டோம்."

முறை என்பதை விளக்க வேண்டும். உடப்பில் அவர்கள் வலை வளைக்கும் கரைத்துண்டு ஒன்றுதான். சம்மாட்டிமார் பன்னிரண்டு பேர். ஒரு நாளைக்கு ஒருவர்தான் வலை போடலாம். பருவத் தொடக்கத்தில் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள் என்று எழுதிக்கொள்வார்கள். தன் நாளில் ஒருவர் வலை இறக்காவிட்டால் அது பெரிய குற்றம். கூலிக்கு இழுக்க வரும் நாற்பது குடும்பத்துக்கு அன்று அடுப்பு எரியாது. ஆகவே துக்க வீட்டுக்காரரின் பெயரைச் சீட்டில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். அந்தப் பாரத்தை அவர் தலையிலிருந்து இறக்கிவைக்கும் மரியாதை அது. மகன் இறந்த செய்தி வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, குலுக்கல். பதினொரு பெயரோடு நடத்தி முடித்துவிட்டு, அதே கையோடு இந்தக் கடிதத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் எவ்வளவோ நல்ல உரைநடை வாசித்தவன். அந்தக் கொப்பித்தாளில் இருந்த தமிழைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதை மட்டும் மொழிபெயர்க்க ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்துக்கொண்டேன். "மனம் ஆறும்வரை" என்பதற்கு மூன்று விதமாக எழுதிப் பார்த்து, நான்காவதை வைத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்து அடுக்கும்போது அந்தக் கடிதத்தை மேலே வைத்தேன்.

"ஊரே உங்களோட நிக்குது எண்டு முதல்லயே விளங்கட்டும்," என்று சொன்னேன். சொன்ன வார்த்தை நாட்குறிப்பில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போனார்கள். புதன்கிழமை தூதரகத்தில் நேர்முக விசாரணை. வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு இருவரும் மறுபடி என் வாசலில் நின்றார்கள். பத்திரங்கள் திரும்பி வந்திருந்தன. கூடவே ஓர் அச்சிட்ட தாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். தாங்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்பிச் செல்வீர்கள் என்பதற்குப் போதிய காரணம் காணப்படவில்லை. புதிய சான்றுகள் இருந்தால் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

வீரபத்திரன் கேட்டார்: "நான் திரும்பி வரமாட்டன் எண்டு அவங்களுக்கு ஆர் சொன்ன?"

யுத்தம் நடக்கிற நாடு, தமிழர், போனால் அங்கேயே தங்கிவிடுவார் என்று பயப்படுகிறார்கள் என்று ஏதோ பொதுவாகச் சொன்னேன். தகனத்துக்கு அன்றோடு ஏழு நாள் இருந்தது. நடுவில் சனியும் ஞாயிறும் வேலை இல்லை.

மச்சான் மேசைக்குக் கிட்ட வந்து குரலைத் தணித்தார். "நானா, உங்கட ஊரில தென்னந்தோட்டக்காரர் ஒருத்தர் உங்களுக்குப் பழக்கம்தானே. மச்சான்ட பேருக்கு ஒரு காணி உறுதி எழுதித் தரச் சொல்லுங்களன். வந்தபிறகு திருப்பி எழுதிக் குடுப்பம். தோட்டம் இரிந்தா நம்புவாங்கதானே."

இதை மறைக்காமல் உங்களுக்குச் சொல்லவேண்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் தோட்டக்காரரின் தொலைபேசி எண்ணைத் தேடத் தொடங்கினேன். ஒரு தகப்பன் எதிரே நின்றுகொண்டிருக்கும்போது பொய் உறுதி கூட ஓர் உதவி மாதிரித்தான் தெரியும். இருபது வருடம் சுத்தமாக வைத்திருந்த முத்திரை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

பத்து ஐந்துக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் அந்தக் கரைப் பகுதிக்குப் பொறுப்பான கடற்றொழில் பரிசோதகர். சிலாபம் பக்கத்துச் சிங்களப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். தடைசெய்த வலை வழக்கொன்றின் பத்திரத்தை மொழிபெயர்க்கக் கொண்டுவந்திருந்தார். நாலு வருடமாக மீனவர்களோடு நின்று பழகிய தமிழ் அவருடையது. நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்திராத வசவுகள் அவருக்குத் தெரியும். வீரபத்திரனைக் கண்டதும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவருக்குக் கிட்டப் போனார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை கேள்விப்பட்டன். இன்னும் போகேல்லையா?"

மச்சான் நடந்ததைச் சொன்னார். மிஸ் (கரையில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைப்பார்கள்) மேசையில் கிடந்த கட்டை எடுத்தார். மேலே இருந்தது என் மொழிபெயர்ப்பு. நின்றபடியே வாசித்தார். மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தார்.

"நானா, இதை முதலாவதா வைச்சது யார்?"

"நான்தான்."

"நீங்க தூதரகத்தில இரிக்கிற ஆள் எண்டு வைங்க. உடப்பு எங்க எண்டும் தெரியாது. கரைவலை எண்டா என்ன எண்டும் தெரியாது. இதை வாசிச்சா இந்த மனிசனைப் பற்றி என்ன விளங்கும்?"

"நல்ல மனிசன், ஊர் மதிக்கிற..."

"இல்ல. இவருக்கு இங்க ஒரு வேலையும் இல்ல. யாரும் இவரைத் தேட மாட்டாங்க. எவ்வளவு நாள் வேணும் எண்டாலும் அங்க இரிக்கலாம்." தாளை மேசையில் வைத்தார். "இவர் திரும்பி வரமாட்டார் எண்டு பதினொரு பேர் கையெழுத்து வைச்சுக் குடுத்திரிக்காங்க. நீங்க அதை இங்கிலீசில போட்டு முத்திரையும் குத்திக் குடுத்திரிக்கீங்க."

வீரபத்திரன் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது.

என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "மிஸ், சொல்லுக்குச் சொல் சரியாத்தான் போட்டிரிக்கன்," என்றேன்.

"சரியாத்தான் இரிக்கி நானா. அதனாலதான் அவங்களுக்கு நல்லா விளங்கியிரிக்கி," என்றார். குரலில் ஏளனம் இல்லை. ஏளனம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தென்னந்தோட்ட யோசனையை மச்சான் அவரிடமும் சொன்னார். மிஸ் கையை உயர்த்தி நிறுத்தினார். "பொய்க் காணி வேணாம். பிடிபட்டா இந்த மனிசன் இந்தச் சென்மத்தில போக ஏலாது. இவருக்கு மெய்யா என்ன இரிக்கி? கரை இரிக்கி. முறை இரிக்கி. அதைத்தான் நீங்க எல்லாரும் சேந்து அழிச்சு வைச்சிரிக்கீங்க. பின்னேரம் நாலு மணிக்கு எல்லாச் சம்மாட்டிமாரையும் கரைக்கு வரச்சொல்லுங்க. நானா, நீங்களும் வாங்க. எழுதுற சாமானோட வாங்க."

அந்தப் பின்னேரம் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தோணிகள் கரையில் ஏற்றிக் கிடந்தன. தூரத்தில் கடற்படைக் காவலரண். பதினொரு பேரும் வந்திருந்தார்கள். மிஸ் விஷயத்தைச் சொன்னதும் அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

"துக்க வீட்டுக்காரனுக்கு முறை எழுதுறதா? பிள்ளையைப் பறிகுடுத்தவனை வேலைக்குக் கூப்பிட்டாங்க எண்டு ஊர் காறித் துப்பும், மிஸ்."

"முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடியாம அவன் வலையைத் தொட ஏலாது."

"சாமிக்கு முன்னால குலுக்கின சீட்டு. பிறகு மாத்தக் கூடாது."

மிஸ் எதற்கும் எதிர்வாதம் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டு, சரி என்று தலையாட்டினார். பிறகு இரண்டே கேள்வி கேட்டார். முப்பத்தோராம் நாள் எப்போது? சீட்டை மாற்றாமல், ஒருவர் தன் முறையை இன்னொருவருக்கு வாயால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அது வழக்கத்தில் உண்டு என்றார்கள். முப்பத்தோராம் நாளைப் பற்றித்தான் சண்டை வந்தது. இறந்த நாளிலிருந்து எண்ணுவதா, நெருப்பு வைத்த நாளிலிருந்து எண்ணுவதா? கடைசியில் நெருப்பிலிருந்து என்று முடிவானது. அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, என் பஞ்சாங்கக் கலண்டரை விரித்து எண்ணியதுதான். வியாழன் தகனம். முப்பத்தோராம் நாள் ஒரு சனிக்கிழமை. அதற்குப் பிறகு வரும் நாட்கள் கார்த்திகையில் விழுந்தன. கரைக்கு மீன் நெருங்கி வரும் நாட்கள். அவற்றில் ஒன்றைக் கொடுப்பது சின்னக் காரியம் அல்ல. எல்லோரும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ட வியாழக்கிழமையை எழுதுங்கோ," என்று ஒரு குரல் கேட்டது.

மாரிமுத்து சம்மாட்டி. எல்லோரும் திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு கயிறு அறுந்த தகராறில் அவரும் வீரபத்திரனும் ஆறு வருடமாக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. இப்போதும் கதைக்க அவருக்கு மனம் இல்லை. வீரபத்திரன் மூன்றடி தள்ளி நின்றார். மாரிமுத்து என்னைப் பார்த்தார்.

"நானா, அவனிட்ட சொல்லுங்கோ. வியாழக்கிழமை அவன்ட எண்டு."

நான் திரும்பி, "அண்ணே, வியாழக்கிழமை உங்கட எண்டு சொல்லுறார்," என்றேன்.

"அவன்ட நாளை எனக்கென்னத்துக்கு எண்டு கேளுங்கோ நானா."

"அவருடைய நாள் உங்களுக்கு..."

"எனக்குக் காது கேக்குது நானா. குடுத்தா வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கோ. அந்தப் பொடியன் என்ட தோணியிலதான் நீந்தப் பழகினவன். அதுக்காக."

என் தொழிலில் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தது அன்று மட்டும்தான். வீரபத்திரன் தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். செய்தி வந்த நாளிலிருந்து அவர் அழுததை அன்றுதான் கண்டதாக மச்சான் பிறகு சொன்னார்.

மாரிமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. சத்தத்தை உயர்த்தினார். "வராம விட்டான் எண்டா தெரியும்தானே! அண்டைக்குக் கரை வெறுங்கரையாக் கிடக்கும். நான் என்ட வலையை இறக்க மாட்டன். இவங்க ஒருத்தரையும் இறக்க விடவும் மாட்டன். நாப்பது குடும்பமும் அவன்ட வாசல்ல போய்ச் சோத்துக்கு இரிக்கட்டும்!"

மிஸ் என் பக்கம் திரும்பினார். "நானா, எழுதுறீங்கதானே? அந்தச் சொல்லை விட்டுராதீங்க."

தோணி விளிம்பில் தாளை வைத்து எழுதினேன். "குறித்த வியாழக்கிழமை முறை வீரபத்திரனுடையது. அன்று அவர் கரையில் இல்லாவிட்டால் எங்களில் எவரும் வலை வளைக்கமாட்டோம். நாற்பது குடும்பங்களுக்கு அன்று தொழில் இராது." மறுபடியும் பதினொரு பேர். அதே ஏழு கையெழுத்து, அதே நான்கு பெருவிரல். முன்னதைவிட அழகில் குறைந்த கடிதம். ஆனால் வாசிப்பவர் யாராக இருந்தாலும், இந்த மனிதருக்காக ஓர் இடம் காத்திருக்கிறது என்று அறிந்துகொள்வார்.

முறைப் பட்டியலின் பிரதியில், குறிப்புப் பகுதியில் அந்த மாற்றத்தை எழுதி மிஸ் தன் உத்தியோக முத்திரையை இட்டார். பிறகு தன் பெயரில் தனியாக ஒரு கடிதம் எழுதினார். அந்த நாட்களில் ஒரு சிங்கள அரச உத்தியோகத்தர், ஒரு தமிழ் மீனவர் வெளிநாடு போவதற்காக, மேலதிகாரியிடம் கேட்காமல் ஒரு தூதரகத்துக்கு எழுதுவது என்ன விதமான காரியம் என்பதை அந்தக் காலத்தில் வாழாதவர்களுக்கு விளக்குவது கடினம். கடிதம் நான்கு வரி. கரைக்குத் தான் பொறுப்பு, பட்டியல் உண்மையானது என்றுவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "குறித்த வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் அந்தக் கரையில் நிற்பேன்."

"இந்த வரி தேவையா மிஸ்?" என்று கேட்டேன். என் பார்வையில் அது உத்தியோகக் கடிதத்துக்குப் பொருந்தாத வரி.

"அவர் வருவார் எண்டு நான் சொன்னா அது வெறும் கதை. நான் போய் நிப்பன் எண்டு சொன்னா நான் நம்புறன் எண்டு விளங்கும்," என்றார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் நானும் கூடப் போனேன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, வீரபத்திரனை மட்டும் ஒதுக்கி நிறுத்தினார்கள். தமிழர், உடப்பு, கையில் பாஸ்போட் என்றால் கேள்விகள் நீளும். மிஸ் சிங்களத்தில் எழுதித் தந்திருந்த துண்டை நீட்டினேன். இளம் சிப்பாய் அதை வாசித்துவிட்டு, "மகனா?" என்று சிங்களத்தில் கேட்டான். ஓம் என்றேன். பஸ்ஸைக் கையால் தட்டிப் போகச் சொன்னான். தூதரக வாசலில் பத்திரங்களைக் கொடுத்தபோது பதினொன்று முப்பத்தைந்து. பன்னிரண்டுக்கு யன்னலை மூடிவிடுவார்கள். இந்த முறை முதலாவதாக நான் வைத்தது முறைப் பட்டியல். முதல் எழுதிய கடிதத்தையும் ஒளிக்கவில்லை. இரண்டாவது கடிதத்துக்குப் பின்னால் அதையும் வைத்து, அந்த வழக்கம் என்னவென்று மூன்று வரியில் விளக்கி எழுதினேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே நின்றேன். உள்ளே நடந்ததை வீரபத்திரன்தான் சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் மெதுவாக வாசித்துவிட்டு, அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: நீங்கள் வராவிட்டால் உண்மையிலேயே அன்று ஒருவரும் மீன் பிடிக்கமாட்டார்களா?

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணே?"

"மாரிமுத்து பிடிவாதக்காரன் ஐயா, பிடிக்க விடமாட்டான் எண்டு சொன்னன்."

பின்னேரம் மூன்று பத்துக்கு விசா கையில் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை விமானம். புதன்கிழமை போய்ச் சேர்ந்தார். வியாழன் பகல் மகனுக்கு நெருப்பு வைத்தார்.

பதினெட்டு நாளில் திரும்பிவிட்டார். அஸ்தியை அந்தக் கரையிலேயே கரைத்து, முப்பத்தொன்றையும் வீட்டில் செய்தார். சொல்லிவிட்டுப் போக என் அறைக்கு வந்தபோது முதன்முறையாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

"முகத்தில ஒரு கீறலும் இல்ல நானா. நித்திரை மாதிரித்தான். அவன்ட அம்மாட்ட சொல்லிட்டன்," என்றார்.

குறித்த வியாழக்கிழமை காலை நானும் உடப்புக்குப் போனேன். ஐந்து ஐம்பதுக்கு மிஸ்ஸின் மோட்டார் சைக்கிள் ஏற்கெனவே தென்னையில் சாய்ந்து நின்றது. அந்தக் கடிதத்துக்காக மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்திருந்தது எனக்குத் தெரியும். பதிலைத் தட்டச்சுச் செய்தது நான்தான். "கரைப் பட்டியலில் உள்ளதையே எழுதினேன். அதன்படி நடந்ததா என்பதைக் குறித்த நாளில் நேரில் பார்த்து அறிவிப்பேன்" என்று இரண்டே வரி எழுதச் சொன்னார். அந்தக் காலையில் கணுக்கால் அளவு தண்ணீரில், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

காவலரணில் அனுமதி கிடைத்ததும் தோணி இறங்கி வலையை வளைத்து வந்தது. வீரபத்திரன் மழித்த தலையில் முடி முளைவிட்டிருக்க, கயிற்றின் முன்வரிசையில் நின்றார். சம்மாட்டி இழுக்க வேண்டியதில்லை. அன்று இழுத்தார். சற்று நேரத்தில் மாரிமுத்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார். ஐந்தாறு இழுப்புக்குப் பிறகு மாரிமுத்துதான் வாயைத் திறந்தார்.

"என்னடா இழுக்கிற? வெளிநாட்டுச் சாப்பாடு ஒத்துக்கேல்லையோ?"

என்னிடம் சொல்லச் சொல்லவில்லை. நேரே அவரிடமே சொன்னார்.

"நீ பின்னால தொங்கிறதாலதான் பாரம்," என்றார் வீரபத்திரன், திரும்பிப் பார்க்காமல்.

நாற்பது பேரும் சிரித்தார்கள். மிஸ் பட்டியலைத் திறந்து அவர் பெயருக்கு எதிரே ஓர் அடையாளம் போட்டு, நேரத்தையும் எழுதினார். ஆறு இருபத்தைந்து. நானும் குறித்துக்கொண்டேன்.

அவசரத்துக்கு எந்த ஒழுங்கில் வேலை செய்வது என்றுதானே கேட்டீர்கள்? அதை எனக்குக் கற்பித்தவருக்கு மொழிபெயர்ப்பைப் பற்றி எதுவும் தெரியாது. முத்திரையை எடுக்குமுன், எங்களை அறியாத ஒருவர் அந்தத் தாளை எடுத்தால் என்ன அறிவார் என்று அவரைப் போல நின்றபடி ஒருதரம் வாசித்துப் பாருங்கள். என் மேசைக்கு நேரே முதலாவது கடிதத்தின் மொழிபெயர்ப்பைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். இப்போது அது என் வீட்டில் இருக்கிறது. வந்தால் காட்டுவேன். அதில் நீங்கள் ஒரு பிழையும் கண்டுபிடிக்கமாட்டீர்கள்.